மாணிக்கனாரின் கணக்கு

காரைக்குடி

அன்பிற்கினிய நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து சில நாள்கள் ஆகிவிட்டன. கண்ணில் புரை நீக்கியதனால் எழுதவும் படிக்கவும் கூடாதென்று வீட்டில் கடுமையான காவல். இப்போதுதான் அது தளர்ந்திருக்கிறது. உங்கள் துணைவியாரின் மூட்டுவலி குறைந்திருப்பதும், பேத்தி தமிழ் இலக்கியம் படிக்கத் தானாகவே விரும்பிச் சேர்ந்திருப்பதும் மனத்துக்கு நிறைவளித்த செய்திகள். இங்கே எல்லாரும் நலம். மூத்தவன் திருச்சிக்கு மாற்றலாகிப் போய்விட்டதனால் வீடு சற்று வெறிச்சோடிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழறிஞர் வ.சுப. மாணிக்கனாரைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள் என்றும், பர்மாவில் பொய் சொல்ல மறுத்த சிறுவனின் கதையை எல்லாரும் சொல்லித் தீர்த்துவிட்டதனால் வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்களும் நானும் அவரிடம் படித்தவர்கள் அல்லர். அவருடைய நூல்கள் வழியாகவும், அவரிடம் படித்தவர்களிடம் நாம் படித்ததனாலும் அவரை அறிந்தவர்கள். ஆனாலும் அந்தக் கதையைத் தவிர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். அதோடு நிறுத்திவிடுவதுதான் குறை. பதின்வயதுக்கு முன்னே ஒருவன் ஒருமுறை உண்மை பேசியதை அறுபது எழுபது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, அதற்குப் பின் அவன் வாழ்ந்த முழு வாழ்வையும் அந்த ஒரு நிகழ்ச்சியின் நிழலில் நாம் ஒதுக்கிவிட்டோம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 17இல் மேலைச்சிவபுரியில் பிறந்து, சின்னஞ்சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து, தாய்வழிப் பாட்டி தாத்தாவின் அரவணைப்பில் வளர்ந்த பிள்ளையை, அக்கால நகரத்தார் வழக்கப்படி தொழில் பழகுவதற்காகப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்றால் என்னவென்று இன்றைய மாணவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். மேலாள், அடுத்தாள் என்று கடையில் ஒரு வரிசை உண்டு. அதன் கடைசிப் படியில், எடுபிடி வேலை செய்துகொண்டே சிட்டை என்னும் நாள்கணக்கும் பேரேடும் எழுதப் பழகுகிற சிறுவன்தான் அவன். படிப்படியாக உயர்ந்து ஒருநாள் மேலாளாகவோ முதலாளியாகவோ ஆகலாம் என்பது வீட்டார் நினைப்பு. வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி கடையில் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள், சிறுவன் சொல்ல மாட்டேன் என்றான், வேலை போயிற்று. சொல்பவர் வாயில் சில விவரங்கள் மாறுவதுண்டு, சாரம் மாறுவதில்லை. அதனால்தான் ‘பொய் சொல்லா மாணிக்கம்’ என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதையில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது வேறொன்று. பொய் சொல்லச் சொன்னதும் அந்தக் கடைதான். ஒரு காசு பிசகாமல் கணக்கு எழுத வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததும் அந்தக் கடைதான். நாள் முடிவில் பெட்டிப் பணமும் சிட்டையும் ஒத்துப்போகாவிட்டால் ஒத்துப்போகும்வரை யாரும் படுக்கப்போக முடியாது என்று பழைய செட்டிநாட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயிற்சியிலிருந்து வந்த ஒரு பிள்ளை, கணக்கில் இருக்க வேண்டிய நேர்மை வாயிலும் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அவருடைய அறவுணர்வைத் துறவியின் அறவுணர்வாக மேடைகளில் காட்டுகிறார்கள். எனக்கு அது கணக்கறிந்த குடும்பத்தலைவனின் அறவுணர்வாகவே தெரிகிறது. உங்கள் பேச்சுக்கு இந்த ஒரு கோணம் போதும் என்று நினைக்கிறேன். மற்றவை எல்லாம் இதிலிருந்து தாமே வரும்.

ஊர் திரும்பிய இளைஞரைத் தமிழின் பக்கம் திருப்பியவர் பண்டிதமணி மு. கதிரேசனார். அவர் நடக்க இயலாத காலுடன், ஊன்றுகோலின் துணையோடு, 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபையைத் தோற்றுவித்து அந்தச் சிற்றூரைத் தமிழ் கேட்கும் ஊராக மாற்றியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக இருந்ததனால் மாணிக்கனாருக்கும் அந்த வாசல் திறந்தது. வித்துவான் பட்டம் பெற்று, அங்கேயே விரிவுரையாளராகி, பிறகு 1948இல் காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு வந்தார். பேராசிரியராகவும், 1964 முதல் முதல்வராகவும் இருபத்திரண்டு ஆண்டுகள் இங்கே பணியாற்றினார். பின்னர் அண்ணாமலையில் தமிழ்த்துறைத் தலைவர். அதற்கும் பின்னர் 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தமிழறிஞர்கள் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும் மு. வரதராசனாரும் அமர்ந்திருந்த நாற்காலி அது. இந்தப் பதவி வரிசையைப் பேச்சில் விரைவாகக் கடந்துவிடுங்கள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

நின்று பேச வேண்டிய இடம் அவருடைய வீடு. 1945இல் ஏகம்மை ஆச்சியாரை மணந்தார். ஆண் மக்கள் மூவர், பெண் மக்கள் மூவர். பிள்ளைகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் பார்த்தாலே போதும். தொல்காப்பியமும் சங்கப் பாட்டும் சிலம்பும் அந்த வீட்டு வளவில் அன்றாடம் கூப்பிடப்படும் பெயர்களாக ஓடியாடிக்கொண்டிருந்தன. பாட்டன் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் தலைமுறை தவறாமல் வைக்கும் சமூகத்தில் இது எளிய காரியம் அன்று என்பதைச் செட்டிநாட்டில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். வித்துவானுக்குப் பிறகு அவர் பெற்ற பட்டங்கள் எல்லாம், டாக்டர் பட்டம் உட்பட, வேலையில் இருந்துகொண்டே பெற்றவை. குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து வளரும் வீட்டில், ஆசிரியர் சம்பளத்தில் இது நடந்திருக்கிறதென்றால் அதில் பாதி ஆச்சியாரின் உழைப்பு என்று எழுதுவதற்கு எனக்குச் சான்று எதுவும் தேவையில்லை. நம் இருவர் வீட்டிலும் நடந்ததை நினைத்துக்கொண்டால் போதும். மணமான இரண்டாம் ஆண்டில், 1947இல், அவர் எழுதி வெளியிட்ட நாடகத்தின் பெயர் ‘மனைவியின் உரிமை’. இளம் தமிழாசிரியர் ஒருவர் தம் முதற்படைப்புகளில் ஒன்றுக்கு அந்தக் காலத்தில் அப்படியொரு பெயர் வைக்கத் துணிந்தார் என்பதை மட்டும் பெண் குழந்தைகளிடம் சொல்லுங்கள்.

அவருடைய ஆய்வும் வீட்டை விட்டு வெகுதூரம் போகவில்லை. அகத்திணை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேட்டைத் தமிழிலும் தந்தார். 1962இல் வந்த ‘தமிழ்க் காதல்’ அதுதான். சங்க அகப்பாடல்கள் 1862ஐயும் ஒருசேர முன்வைத்துக்கொண்டு, ஏதோ நாலு பாட்டைப் பொறுக்கி எடுத்துக் கொள்கை வகுக்கிற வழக்கத்துக்கு இடம் கொடாமல் எழுதிய நூல். கைக்கிளையை ஒருதலைக் காமம் என்றும், பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்றும் சொல்லி இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு நடுவிலுள்ள, ஒத்த அன்பைப் பாடும் ஐந்திணையை மட்டும் வீட்டுக்குள் அழைக்கும் பழக்கம் உரையாசிரியர் காலத்திலிருந்து நமக்கு உண்டு. ‘கைக்கிளை முதலாப் பெருந்திணை இறுவாய் முற்படக் கிளந்த எழுதிணை என்ப’ என்று தொல்காப்பியர் ஏழையும் ஒரு தொடராகச் சொல்லியிருக்க, அவற்றில் இரண்டை விலக்க நமக்கு என்ன உரிமை என்பது மாணிக்கனார் எழுப்பிய வழக்கு. மனிதர்களின் காதல் எப்போதும் ஒத்த அன்பாக அமைந்துவிடுவதில்லை. தவிப்பதும் தடுமாறுவதும் அதற்குள் அடக்கம் என்பதை ஏற்கும் பெருந்தன்மை அந்த வாதத்தில் இருக்கிறது. கறாரான ஒழுக்கவாதி என்று பெயரெடுத்த ஒருவரிடமிருந்து இது வந்தது என்பதுதான் எனக்குச் சுவை.

அவருடைய நடையைப் பற்றி நமக்குள் பழைய சண்டை ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா? அது சூத்திரம் போல இறுகிய நடை, முதலாண்டு மாணவன் பல்லில் கல் கடிபட்டதைப் போல முகம் சுளிப்பான் என்பீர்கள் நீங்கள். நானும் அதை முழுவதும் மறுக்க மாட்டேன். பிறமொழிச் சொல் கலவாத நடைக்காக அவர் புதிதாக ஆக்கிக்கொண்ட சொற்கள் சிலவற்றின் முன் இன்றும் ஒரு நொடி தயங்கித்தான் நகர்கிறேன். ஆனால் 1953இல் எழுதிய ‘வள்ளுவம்’ அப்படியன்று. எதிரே அவையினர் அமர்ந்திருப்பதாகக் கருதிக்கொண்டு பொழிவுகளாக எழுதிய நூல் அது. வாய்விட்டுப் படித்தால் ஓடும். குறள் அறிந்து மகிழ்வதற்காக எழுதப்பட்டதன்று, செய்து பார்ப்பதற்காக எழுதப்பட்டது என்பதை ஒவ்வொரு பொழிவிலும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து வந்து தட்டுவார். சில இடங்களில் அறிவுரை சற்று மிகுதியாகிவிடுகிறது என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது. சொல்பவர் யார் என்று தெரிந்திருப்பதனால் அது உறுத்துவதில்லை.

இனி நான் முதலில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். நகரத்தார் வணிகத்தில் ‘மகமை’ என்று ஒரு பழக்கம் உண்டல்லவா? பழனிக்கு உப்பு விற்கப் போன வணிகர்கள் விற்பனையில் முருகனுக்கும் ஒரு பங்கு எழுதிவைத்து, அதைத் தனியே திரட்டி அறம் செய்தார்கள். கையில் மிஞ்சினால் கொடுப்பது என்ற பேச்சே அதில் இல்லை. கணக்கு எழுதத் தொடங்கும்போதே அறத்துக்கு ஒரு பற்று. இந்த அறக்கொடைகளைப் பதிவுசெய்த ஆவணங்களைத் திரட்டி 1961இல் ‘நகரத்தார் அறப்பட்டயங்கள்’ என்ற நூலை மாணிக்கனார் வெளியிட்டார். அவருடைய நூல்களில் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள். அவரை நன்கு விளங்கிக்கொள்ள இதைவிட உதவும் நூல் இல்லை என்பது என் எண்ணம். சங்க கால வள்ளல்களின் கொடையைப் பாடுவதோடு நில்லாமல், தம் சொந்தச் சமூகத்தின் வியாபாரிகள் எத்தனை பங்கு கொடுத்தார்கள், யார் சாட்சி, எந்த ஆண்டு என்று தேடிப் பதிப்பித்திருக்கிறார். இதற்கு நான்காண்டு முன்னரே, 1957இல், வள்ளல் அழகப்பர் மறைந்த ஆண்டில், அவரைப் பற்றிக் ‘கொடைவிளக்கு’ என்ற கவிதை நூலையும் எழுதியிருந்தார். தம் செல்வத்தையெல்லாம் கல்விக்கு வாரிக் கொடுத்த ஒரு மனிதரின் கல்லூரியில் அன்றாடம் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர் அல்லவா, கொடை என்பது ஏட்டுச் செய்தியாக அவருக்கு இருந்திருக்க முடியாது.

அவரே எழுதிவைத்த உயிலில், தம் சொத்தில் ஆறில் ஒரு பங்கை மேலைச்சிவபுரியின் பொதுநலத்துக்கு ஒதுக்கினார். பல காலம் இதை வெறும் செய்தியாகவே படித்துக் கடந்திருக்கிறேன். எல்லாவற்றையும் கொடுத்தார் என்றால் அது நமக்குப் பழகிய புராணக் கதை; பாதியைக் கொடுத்தார் என்றாலும் கைதட்டுவோம். அதென்ன ஆறில் ஒன்று என்ற கேள்வி எனக்கு எழுந்தது ஒரு வகுப்பில்தான். ‘தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தானென்றாங்கு ஐம்புலத்தா றோம்பல் தலை’ என்ற குறளைப் பதினொன்றாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்று ஐந்து விரலை மடக்கிக் காட்டியபோது, கடைசி வரிசையில் இருந்த ஒருவன், எப்போதும் ஏதாவது குறும்புக் கேள்வி கேட்பவன், எழுந்து நின்று, “ஐயா, அப்படியானால் ஊருக்கு ஒன்றும் கிடையாதா?” என்றான். வகுப்பு சிரித்தது. மறுமொழி பரிமேலழகர் உரையிலேயே இருக்கிறது. இல்வாழ்வானுக்கு இந்த ஐந்து இடத்துக்கும் ஐந்து கூறு வேண்டியிருப்பதனால்தான் அரசனுக்குரிய இறைப்பொருள் ஆறில் ஒன்றாயிற்று என்று அவர் குறித்துச் செல்கிறார். ஆக வருவாய் ஆறு கூறு. ஐந்து வீட்டுக்கும் வீட்டைச் சார்ந்தோர்க்கும், ஒன்று பொதுவுக்கு.

மாணிக்கனார் இதை மனத்தில் வைத்துத்தான் அந்தப் பங்கைக் குறித்தார் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே பேசுங்கள். ஆனால் வள்ளுவத்தில் ஊறியவர், பேரேட்டில் கை பழகியவர், இல்வாழ்க்கையைத் துறவுக்கு ஒரு படி தாழ்வாக எண்ணாதவர், இந்தக் கணக்கை அறியாமல் அந்தப் பின்னத்தை எழுதியிருப்பார் என்று நம்புவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. அரசன் போய்விட்டான், அவனுக்குரிய கூறு ஊருக்குப் போகட்டும். மனைவி மக்களுக்குரிய ஐந்து கூறில் கைவைக்கவில்லை. பிறருக்குக் கொடுத்த பெருமைக்காகப் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்துகிற வள்ளன்மையை நாம் மேடையில் புகழ்ந்து பேசிவிடுகிறோம். அந்த வீட்டுப் பெண்களிடம் யாரும் கேட்பதில்லை. இந்த மனிதர் அதைச் செய்யவில்லை என்பதில் எனக்கு ஆழ்ந்த மரியாதை. தாம் சேர்த்த நூல்களையும் இங்குள்ள அழகப்பா பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அவை நம் ஊர்ப் பிள்ளைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எட்டுகிற கைகள்தாம் குறைவு.

ஓய்வுக்காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. தமிழ்வழிக் கல்வி இயக்கத்தைத் தொடங்கி, எழுபது வயதை ஒட்டிய பருவத்தில் ஊர் ஊராகப் போய், பிள்ளைகளைத் தாய்மொழியில் படிக்க வையுங்கள் என்று பெற்றோரிடம் கேட்டார். துணைவேந்தராக இருந்து இறங்கிய ஒருவர் பள்ளிக்கூடத் திண்ணைகளிலும் சிறு கூட்டங்களிலும் நின்று இதைப் பேச வேண்டியிருந்தது என்பதே நம் நிலையைச் சொல்லும். அந்த இயக்கம் பெரிதாக வெல்லவில்லை என்பதை நீங்கள் மறைக்க வேண்டாம். 1989 ஏப்ரல் 25இல் அவர் மறைந்த பிறகு ஆங்கிலவழிப் பள்ளிகள் பெருகிய வேகம் நம் கண்முன் நடந்தது. உங்களை அழைத்திருக்கும் பள்ளியும் ஆங்கிலவழிப் பள்ளிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அழைத்தவர்களைச் சங்கடப்படுத்தாமல் இதைச் சொல்ல உங்களுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கூட்டத்தில் பெற்றோர்களும் இருப்பார்களானால், அவர் பிள்ளைகளைவிடப் பெற்றோர்களிடமே அதிகம் பேசினார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஒரு திருமணத்துக்காகப் பொன்னமராவதி போனவன், அப்படியே மேலைச்சிவபுரிக்கும் போய்விட்டு வந்தேன். நண்பகல் வெயில். தெருவின் இருபுறமும் உயர்ந்த முகப்புகள், பல வீடுகளில் பூட்டு. ஒரு திண்ணையில் மட்டும் ஒரு முதியவர் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். மாணிக்கனாரைத் தெரியுமா என்று கேட்டேன். “பொய் சொல்லாதவருதானே?” என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை, நான் சற்று உட்கார்ந்து இந்த உயில் செய்தியைச் சொன்னபோது, விசிறுவதை நிறுத்திவிட்டு, “பிள்ளைகளுக்கு வச்சுட்டுத்தானே குடுத்தாரு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அதுதான் சரி” என்றார். கணேசர் கல்லூரியின் பக்கம் சில மாணவிகள் நிழலில் அமர்ந்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நூற்பாவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அருகில் போய்க் கேட்டு அவர்களுக்கு இடையூறு செய்ய மனம் வரவில்லை.

பேத்தியிடம் ‘தமிழ்க் காதல்’ நூலை இப்போதே கொடுத்துவிடாதீர்கள், முதலில் ‘வள்ளுவம்’. உங்களிடமிருந்த படியைக் கரையான் அரித்துவிட்டதாக முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். என்னிடம் இரண்டு படிகள் உள்ளன. ஒன்றில் அட்டை இல்லை, நல்ல படியைக் கூரியரில் அனுப்புகிறேன். ‘நகரத்தார் அறப்பட்டயங்கள்’ மட்டும் இரவல் வாங்கியது. அதிலிருந்து உங்களுக்குத் தேவையான பக்கங்களைப் படியெடுத்து உடன் வைக்கிறேன். தலைவர்களை விளித்து அவர் எழுதிய கடித நூல் ஒன்று, ‘தலைவர்களுக்கு’, 1965இல் வந்தது. அது எங்காவது உங்கள் கண்ணில் பட்டால் எனக்காக எடுத்துவையுங்கள், நெடுநாளாகத் தேடுகிறேன்.

பள்ளியில் தேதியை உறுதி செய்ததும் தெரிவியுங்கள். கண் மருத்துவர் இசைந்தால் நானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். துணைவியாரிடம் இரண்டு நாள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள
நண்பன்